பாயேயா உண்ணச் செல்வோருக்கு

செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய நம் பட்டணத்தின் ஸ்பானிய உணவகத்திற்குக் கடும் பசியோடு செல்லக்கூடாது. பாயேயா என்னும் ஸ்பானியச் சோற்றுணவைக் கேட்ட பிறகே அடுப்பில் ஏற்றுவார்கள் என்பதால், அரை மணி நேரமாவது காத்திருக்க நேரும். பெரும்பாலும் இருவருக்குக் குறையாமல்தான் சமைப்பார்கள். ஆகவே தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

ஸ்பெயினின் வாலென்சியா வட்டாரத்துப் பழைய பாயேயாவில் முதன்மையாகக் கோழியும் முயலும் அவரையும் இடம்பெறும். இறால், கணவாய், சிப்பி வேண்டுவோர் கடலுணவுப் பாயேயாவையே கேட்க வேண்டும். கணவாயின் மையால் கறுத்த சோறும் உண்டு. பூண்டும் எண்ணெயும் சேர்த்து அரைத்த அயோலியுடன் அதை உண்பதே சிறப்பு. பன்றி இறைச்சியை விலக்குவோர், சோற்றில் சொரிசோ என்னும் பன்றித் தொத்திறைச்சி சேர்க்கிறார்களா என்பதையும், சோற்றை வேகவைக்கும் சாறு எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அகன்ற தட்டைச் சட்டியோடு மேசைக்கு வரும் சோற்றைக் கிளறாமல், அவரவர் பக்கத்து விளிம்பிலிருந்து நடுவை நோக்கிக் கரண்டியால் உண்ண வேண்டும். அடியில் பொன்னிறமாக ஒட்டியிருக்கும் சொக்கராத் என்னும் சோற்றுப் பொருக்கு சமையற்பிழையன்று. அதைச் சுரண்டிப் பகிர்ந்துகொள்வதே இவ்வுணவின் உச்சம் என்பேன். சோற்றில் சேரும் குங்குமப்பூவின் மணம் மெல்லியது என்பதால், காரமின்றிச் சோறு இறங்காது என்போரும் முதல் சில வாய் உண்ட பிறகு சம்பல் கேட்கலாம், சமையற்காரர் முகம் சுளித்தாலும்.