தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பத்திரம்: பங்கில் இந்த வேலையைத் தொடங்குவது எப்படி?

கிறிஸ்துமஸுக்கு அரிசியும் பிஸ்கட் டின்னும் கொடுக்கிற கத்தோலிக்கப் பங்குகள் (ஒரு சர்ச்சைச் சேர்ந்த சமூகங்கள்) நம் மலேசியாவில் நிறைய. கொடுக்கட்டும், தேவைதான். ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கு அந்த அரிசி தீர்ந்த பிறகும் அதே நிலைமைதான். பள்ளியில் சேர்ப்பதற்கு அலைச்சல், அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம், வளர்ந்த பிறகு சொக்சோவும் (தொழிலாளர் காப்புறுதி) இபிஎப்பும் (ஓய்வுக்காலச் சேமிப்பு) பிடிக்காத கூலி வேலை. இது தர்மத்தால் தீராது, நியாயத்தால்தான் தீரும்.

நான் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது ஏழைகளுக்கு உதவும் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையில் இந்தப் பத்திர வேலையைப் பார்க்கிறேன். உங்கள் பங்கிலும் தொடங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

லயத்துக்குள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) போகும் முன் கோயில் தலைவரைப் பாருங்கள். அங்கே பெரும்பாலோர் இந்துக்கள். சர்ச்சிலிருந்து ஆள் வந்தால் மதம் மாற்ற வந்திருக்கிறார்களோ என்ற சந்தேகம் வருவது இயல்பு. பத்திர வேலைக்காக மட்டும்தான் வருகிறோம் என்று அவரிடம் நேராகச் சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். ஜெபப் புத்தகம், காலண்டர் எதுவும் கையில் வேண்டாம். அவரையே கூட வரச் சொன்னால் இன்னும் நல்லது.

எப்போதும் இரண்டு பேராகப் போங்கள். 1833-ல் பாரிஸில் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய காலத்திலிருந்து எங்கள் சபையின் வழக்கம் அது. ஒருவர் பேச, ஒருவர் கவனிக்கலாம். ஞாயிறு மதியம் வீட்டில் ஆள் இருக்கும். எடுத்ததும் “பத்திரம் இருக்கா?” என்று கேட்காதீர்கள், வெட்கப்பட்டு இருக்கிறது என்றே சொல்லிவிடுவார்கள். “பிள்ளை எந்த ஸ்கூல்மா?” என்று கேளுங்கள். பதில் இழுத்தால் அங்கேதான் வேலை இருக்கிறது.

அப்புறம் நோட்டுப் புத்தகம். வீட்டுக்கு ஒரு பக்கம். அப்பா, அம்மா, பிள்ளை பெயர்களை ஐ.சி.யில் (அடையாள அட்டையில்) எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில் எழுதுங்கள். முனியம்மா என்ற பெயருக்கு ஓர் இடத்தில் ஒரு எம், இன்னோர் இடத்தில் இரண்டு எம் இருக்கும். கவுண்டரில் இதுதான் முதலில் இடிக்கும்.

வரும் சிக்கல்கள் பலவகை. பிறந்த பிள்ளையை 60 நாளுக்குள் பதிய வேண்டும், விட்டுவிட்டால் தாமதப் பதிவு. இது ஆதாரம் சேர்த்தால் முடியக்கூடியது. கடினமானது இன்னொன்று: தாய் வெளிநாட்டவர், அல்லது தாய்க்கே பத்திரம் இல்லை, கல்யாணம் கோயிலில் மட்டும் நடந்து பதிவாகவில்லை. 1982 மார்ச் முதல் பதிவில்லாத திருமணம் சட்டப்படி செல்லாது. அப்போது அப்பா குடிமகனுக்குரிய நீல ஐ.சி. வைத்திருந்தாலும் பிள்ளை அம்மாவின் குடியுரிமையைத்தான் பெறும், பத்திரத்தில் ‘புக்கான் வார்கநெகாரா’ (குடிமகன் அல்ல) என்று விழும். பிள்ளை பிறந்த பிறகு திருமணத்தைப் பதிந்தாலும் அது தானாக மாறாது. அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் உள்துறை அமைச்சுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 18 வயதுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள், பழைய 21 வயது வரம்பை நம்பி உட்கார வேண்டாம். இதனால்தான் கல்யாணம் பேசும் இளசுகளிடம் பதிவைப் பற்றி முன்கூட்டியே சொல்லச் சொல்கிறேன். வருமுன் காப்பது இது ஒன்றுதான்.

சிவப்பு ஐ.சி. (நிரந்தரவாசி அட்டை) வைத்திருக்கும் பாட்டி தாத்தாக்களுக்குக் குடியுரிமைக்கான மலாய்த் தேர்வுதான் பயம். மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளை அனுப்பி அவர்களோடு மலாயில் பேசிப் பழகச் சொல்லுங்கள்.

ஆதாரம் தேடும் இடங்களைச் சொல்கிறேன். கிளினிக்கில் தடுப்பூசி போட்ட புத்தகம், பிரசவம் பார்த்த மருத்துவமனையின் பதிவு, பெற்றோர் வேலை செய்ததைக் காட்டும் தோட்டத்து செக்ரோல் (வேலை, கூலிப் பதிவேடு), பிள்ளையைப் பிறந்ததிலிருந்து பார்த்த அண்டை வீட்டார். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. பிறந்த தேதி, தாய் தகப்பன் பெயர், ஞானப் பெற்றோர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். ஞானப் பெற்றோர் உயிரோடு இருந்தால் அவர்களே சாட்சி. பங்குத்தந்தையிடம் கேட்டு முத்திரையோடு சான்று வாங்குங்கள். கரையான் அரிப்பதற்குள் பழைய ஏடுகளைப் படம் எடுத்து வைப்பது உங்கள் பங்குக்குப் பெரிய உதவி.

பிறப்பைப் பதியும் தேசியப் பதிவிலாகாவுக்குக் குடும்பத்தோடு கூடப் போங்கள். அன்றைய கூலி போகிறது, அதைச் சபைப் பெட்டியிலிருந்து கொடுங்கள், கணக்கில் எழுதுங்கள். கவுண்டரில் தாயையே பேச விடுங்கள், மலாய் தடுமாறும்போது மட்டும் நீங்கள் பேசுங்கள். மூலப் பத்திரத்தைக் காட்டலாம், ரசீது இல்லாமல் விட்டு வரக்கூடாது. மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதம் இருந்தால்தான் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலோ, நாடற்றோருக்காக வேலை செய்யும் டிரா மலேசியாவிலோ அடுத்த படி பேச முடியும். ஏஜெண்டுகளுக்குக் காசு கொடுக்க விடாதீர்கள். தோட்டங்களில் அப்படி இழந்தவர்களைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது.

பத்திரம் வரும்வரை பிள்ளை வீட்டில் இருக்கக் கூடாது. பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் 2019 முதல் அரசுப் பள்ளியில் சேர்க்கலாம். தலைமை ஆசிரியர் தயங்கினால் நீங்களும் போய் உட்காருங்கள்.

பூசையில் அறிவிக்கும்போது எந்தப் பிள்ளையின் பெயரும் வேண்டாம், படமும் வேண்டாம்.

பத்திரம் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் ஒவ்வொரு எழுத்தையும் சரிபாருங்கள். அப்புறம் அந்த வீட்டுப் பக்கத்தில் பிள்ளைக்கு 12 வயது ஆகும் தேதியைக் குறித்து வையுங்கள், மைகார்டு என்ற ஐ.சி. எடுக்க அப்போது மறுபடி கூட்டிப் போக வேண்டும்.