காகிதப் பையும் மணலும்: நியூ மெக்சிகோவில் கிறிஸ்துமஸ் இரவுக்குத் தயாராவது எப்படி

பழுப்புக் காகிதப் பை, இரண்டு கோப்பை மணல், ஒரு மெழுகுவர்த்தி. அமெரிக்காவின் தென்மேற்கில் டிசம்பர் 24 இரவுக்கு வேண்டிய விளக்கு இவ்வளவுதான். மண்சுவர் வீடுகளின் மதில் மேலும் நடைபாதை ஓரங்களிலும் இவற்றை வரிசையாக வைப்பார்கள். சான்டா ஃபேயிலும் அதற்கு வடக்கேயும் இதன் பெயர் ஃபரோலிட்டோ. நூறு கிலோமீட்டர் தெற்கே ஆல்புகெர்க்கிக்கு வந்தால் இதே பை லூமினாரியா ஆகிவிடும். சான்டா ஃபேக்காரருக்கு லூமினாரியா என்பது தெருமுனையில் எரியும் விறகுத் தீ, நம் சொக்கப்பனையின் குட்டித் தம்பி. இந்தப் பெயர்ச் சண்டைக்குத் தீர்ப்பு கிடையாது. நிற்கிற ஊரில் வழங்கும் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வதே நல்லது. இந்தக் கட்டுரையில் சான்டா ஃபே வழக்கு: பைக்கு ஃபரோலிட்டோ, விறகுத் தீக்கு லூமினாரியா.

பருவம் 24-க்கு முன்பே தொடங்கிவிடும். டிசம்பர் 10 முதல் 12 வரை லாஸ் குரூசெஸ் அருகே டோர்ட்டூகாஸில் குவாடலூப்பே மாதா திருவிழா. 11-ஆம் தேதி பக்தர்கள் மலையேறுவார்கள். 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் லாஸ் போசாடாஸ்: மேரியும் ஜோசப்பும் தங்க இடம் கேட்டு வீடு வீடாகப் போனதை நடித்துக் காட்டும் ஊர்வலம். சான்டா ஃபேயின் நடுச் சதுக்கமான பிளாசாவில் இது ஒரே இரவில் முடிந்துவிடும். மொட்டைமாடிகளில் சாத்தான் வேடக்காரர்கள் தோன்றி ஊர்வலத்தை விரட்டுவார்கள், கூட்டம் கூவி அவர்களை அடக்கும். குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் மட்டும் சாத்தானைக் கண்டு அழுதுவிடுவார்கள்.

பையை வாங்குவதும் மடிப்பதும்

வேண்டியது மதிய உணவு கட்டிக் கொடுக்கும் சிறிய, தட்டை அடி கொண்ட பை. சுமார் 5 அங்குல அகலம், 10 அங்குலத்துக்குச் சற்று மேல் உயரம். மளிகைக் கடையின் பெரிய பை தடிமனானது, வெளிச்சம் வெளியே வராது. வெள்ளைப் பையில் வெளிச்சம் கூடுதல்தான், ஆனால் அந்தத் தேன் நிறம் பழுப்பில்தான் கிடைக்கும். மெழுகு பூசிய பையை எடுக்கவே கூடாது. ஈரம் தாங்கும் என்று ஆசைப்பட்டு வாங்குவார்கள், நெருப்பு பட்டால் அந்த மெழுகே எரிபொருளாகிவிடும்.

ஐம்பது விளக்குக் கணக்கு இது. பை 55, ஏனென்றால் நாலைந்து கிழியும். 10 மணி நேரம் எரியும் குட்டை மெழுகுவர்த்தி 50. 50 பவுண்டு மணல் மூட்டை 2. இரண்டு கோப்பை மணல் ஏறக்குறைய முக்கால் கிலோ என்பதால் ஒரு மூட்டையில் 30 பை நிரப்பலாம். இரண்டடி இடைவெளியில் வைத்தால் ஐம்பதும் சேர்ந்து நூறடி நீளத்துக்கு வரும். முதல்முறை செய்பவர்கள் இடைவெளியை நாலடியாக்கிச் சிக்கனம் பிடிப்பார்கள். அப்படி வைத்தால் அது வரிசையாகத் தெரியாது, அங்கொன்றும் இங்கொன்றுமாக மினுக்கும். பை குறைவாக இருந்தால் இடைவெளியைக் கூட்டாமல் நீளத்தைக் குறையுங்கள்.

தகரக் கிண்ணத்தில் வரும் டீலைட் மெழுகு மலிவு. நாலு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஐந்து மணிக்கு ஏற்றினால் ஒன்பதுக்கு இருட்டு. நள்ளிரவுப் பூசைக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கும் வழி தெரியவேண்டும் என்பதுதான் இந்த விளக்கின் பழைய நோக்கம். அந்த நேரத்தில் அணைந்து கிடந்தால் வைத்ததில் அர்த்தமில்லை.

மடிப்பு 23-ஆம் தேதி இரவு வேலை. பைக்குள் முஷ்டியை விட்டு விரித்துக்கொள்ளுங்கள். சட்டையின் முழுக்கையை மடித்துவிடுவது போல, வாயை வெளிப்பக்கமாக ஓர் அங்குலம் மடித்து, அதையே இன்னொரு முறை மடியுங்கள். இந்தக் கழுத்துப்பட்டைதான் பையின் எலும்பு. மடிக்காத பையின் வாய் காற்றில் உள்ளே சாய்ந்து சுடரைத் தொடும். எரிந்துபோகும் பைகளில் பெரும்பாலானவை மடிப்பில் சோம்பல்பட்டவைதான். நாலு மூலையிலும் காகிதம் மடிய மறுத்து லேசாகக் கிழியும். அரை அங்குலக் கிழிசலைப் பொருட்படுத்த வேண்டாம்.

24 மதியம்: மணல்

வீட்டுக்குள்ளேயே மணலை நிரப்பித் தட்டில் வைத்துத் தூக்கிவர நினைக்காதீர்கள். தூக்கும்போது அடி பிய்ந்துவிடும். வெறும் பையை அதன் இடத்தில் நிறுத்தி, அங்கேயே மணலை ஊற்றுங்கள். மணல் உலர்ந்திருக்கவேண்டும். ஈர மணல் ஒரு மணி நேரத்தில் அடிக்காகிதத்தை ஊறவைத்துவிடும், அப்புறம் பை இடுப்பொடிந்து சாயும். மூட்டையை முந்தின நாளே கராஜுக்குள் இழுத்துப் போடுவது இதற்காகத்தான்.

ஊற்றியபின் பையின் அடியை இரு கையாலும் பிடித்து லேசாக ஆட்டினால் மணல் சமமாகும். நடுவில் மெழுகுவர்த்தியை நேராக வைத்து, ஒரு திருகு திருகி, ஒன்றரை சென்டிமீட்டர் மணலுக்குள் அழுத்துங்கள். உருகும் மெழுகைச் சுற்றியுள்ள மணல் ஏந்திக்கொள்ளும். சாய்ந்த மெழுகு ஒரு பக்கமாக ஒழுகி, சுடர் பைச் சுவரை நோக்கித் திரும்பும். காகிதத்தில் வட்டமாகப் பழுப்பேறுவதுதான் முதல் அறிகுறி. பார்த்தவுடன் நிமிர்த்துங்கள். புதுத் திரிகள் மெழுகோடு ஒட்டிப் படுத்திருக்கும். வெளிச்சம் இருக்கும்போதே அத்தனையையும் கிள்ளி நிமிர்த்தி வையுங்கள், விறைத்த விரலால் இருட்டில் அது நடக்காது.

தரையில் பனி கிடந்தால் துடைத்துவிட்டு, பைக்கு அடியில் தட்டையான கல்லோ ஓடோ வையுங்கள். காய்ந்த புல், ஜூனிப்பர் புதர், வைக்கோல் கட்டு ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். மொட்டைமாடி விளிம்பில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மேலே ஏறி எரிகிற பையை அணைக்க ஆளில்லை என்றால் அங்கே மின்விளக்கு போட்ட பிளாஸ்டிக் பைதான் சரி. ஊரில் பல கூரைகளில் நீங்கள் பார்ப்பதும் அதுதான்.

சூரியன் மறைவது ஐந்து மணியை ஒட்டி. கழுத்து நீண்ட லைட்டரோடு கால் மணி முன்பே தொடங்குங்கள். ஐம்பது விளக்குக்கு ஓர் ஆளுக்கு இருபது நிமிடம் பிடிக்கும். தளர்ந்த ஸ்வெட்டர் கையைச் சுருட்டிவிடுங்கள், மஃப்ளரை உள்ளே செருகுங்கள். காற்று பலமாக இருந்தால் ஏற்றாதீர்கள், இரவு எட்டுக்கு மேல் பெரும்பாலும் அடங்கும். மீறி ஒரு பை பற்றினால் பதறவேண்டாம். மணல்மட்டம் வரை எரிந்து அரை நிமிடத்தில் அடங்கிவிடும். காலால் மிதித்தால் நெருப்புத் துண்டுகள் பறந்து அடுத்த பையில் விழும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

லூமினாரியா அடுக்க, 40 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பிளந்த பின்யோன் (குட்டைப் பைன் மரம்) விறகு வேண்டும். இரண்டு நெடுக்கில், அதன் மேல் இரண்டு குறுக்கில் என்று சதுரக் கூண்டாக இடுப்புயரம் வரை அடுக்கி, நடுப்பொந்தில் பிசின் ஊறிய சிராய்களைத் திணிக்கவேண்டும். நெருக்கி அடைத்தால் புகையும், எரியாது. தார்ச்சாலையில் நேரடியாக மூட்டினால் தார் இளகும், மூன்றங்குல மணல் படுக்கை போடுங்கள். பின்யோன் பிசின் வெடித்துப் பொறி பறக்கும், அதனால் காற்று வருகிற பக்கம் நில்லுங்கள். திறந்தவெளித் தீக்கு அன்று தடை இருக்கிறதா என்று தீயணைப்புத் துறையிடம் கேட்டுவிட்டு மூட்டுங்கள்.

முதல்நாள் இரவே ஊறவேண்டியது

24 இரவுச் சாப்பாடு போசோலே. சுண்ணாம்பு நீரில் வெந்து தோல் நீங்கி உலர்ந்த வெள்ளை மக்காச்சோளம் அது. எட்டுப் பேருக்கு 1 பவுண்டு பொட்டலம், ஒரு கிலோ பன்றித் தோள்கறி, ஒரு வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி ஓரெகானோ. சோளத்தை இரவு முழுக்க ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி, முதலில் சோளத்தை மட்டும் இரண்டு மணி நேரம் வேகவையுங்கள். பிறகு மற்றவை, மேலும் இரண்டு மணி நேரம். மணி பூப்போல வாய் பிளந்தபின் உப்பு.

வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது நேரத்தில்தான். சான்டா ஃபே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தாழ்வான ஊர்களில் எழுதிய சமையல் குறிப்பின் கணக்கு அந்த உயரத்தில் செல்லாது, சோளம் கடக்கென்று நிற்கும். பிரஷர் குக்கர் இருந்தால் ஊறிய சோளத்துக்கு ஒரு மணி நேரம் போதும். பத்துப் பன்னிரண்டு காய்ந்த சிவப்பு மிளகாயைக் காம்பும் விதையும் நீக்கி, வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, ஊறிய நீர் கசந்தால் கொட்டிவிட்டுப் புதுநீரில் அரைத்து வடிகட்டுங்கள். இந்தக் குழம்பைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். உணவகத்தில் 'சிவப்பா, பச்சையா?' என்று கேட்பார்கள். இரண்டும் வேண்டுமென்றால் 'கிறிஸ்துமஸ்' என்று சொல்லவேண்டும், ஜூன் மாதத்திலும்கூட.

1989-இல் மாநில பிஸ்கட்டாக அறிவிக்கப்பட்ட பிஸ்கோச்சிட்டோ சோம்பு வாசமும் இலவங்கப்பட்டைச் சர்க்கரையும் சேர்ந்தது. மரபுப்படி பன்றிக்கொழுப்பில் பிசைவது. சைவர்கள் கேட்காமல் வாயில் போடவேண்டாம்.

எங்கே போவது

சான்டா ஃபேயில் கேன்யன் ரோடு. 24 மாலை வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள், கட்டணம் கிடையாது. வாகனத்தைப் பிளாசா பக்கம் விட்டு நடந்து வருவதுதான் நடைமுறை. கேன்யன் ரோட்டில் ஏறி அசேக்கியா மாட்ரே தெரு வழியாக இறங்கினால் திரும்பி அதே கூட்டத்தை இடிக்கவேண்டாம். ஆறரை முதல் எட்டு வரை தோளோடு தோள். குழந்தைவண்டி தள்ளுபவர்கள் விளக்கேற்றும் நேரத்திலேயே போய்விடுங்கள். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி இறங்கும். நடைபாதையில் உறைந்த பனி கண்ணுக்குத் தெரியாது, பிடிப்புள்ள காலணி இல்லாமல் வரவேண்டாம். ஆல்புகெர்க்கியில் ஓல்டு டவுன், சான் ஃபெலிப்பே தே நேரி தேவாலயத்தைச் சுற்றி. கூட்டம் ஆகாதவர்களுக்கு டிசம்பரில் ஹேமெஸ் இடிபாடுகளில் நடக்கும் விளக்கு இரவு நல்ல மாற்று.

அரிசோனாவின் பாலைவன நகரங்களில் டிசம்பர் இரவுகள் இளங்குளிர்தான். ஃபீனிக்ஸ் பாலைவனத் தாவரப் பூங்காவில் சவாரோ கள்ளிகளுக்கிடையே விளக்குகள், முன்பதிவுச் சீட்டு வேண்டும். டூசானின் விண்டர்ஹேவன் குடியிருப்பு 1949 முதல் தெருத்தெருவாக விளக்கலங்காரம் செய்கிறது. கையில் டப்பா உணவு கொண்டுபோய் உணவு வங்கிக்குக் கொடுப்பது வழக்கம்.

புவெப்லோக்களில் விருந்தாளியாக

புவெப்லோ என்றால் பூர்வகுடி மக்களின் ஊர். டாவோஸ் புவெப்லோவில் 24 மாலை வழிபாட்டுக்குப் பின் மாதாவின் ஊர்வலம், ஆளுயரத்தைத் தாண்டி அடுக்கிய விறகுத் தீக்களுக்கு நடுவே. கரும்புகை கண்ணைக் கரிக்கும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போட்டுப் போங்கள், புகை நாற்றம் ஒட்டினாலும் கவலைப்படாத கோட்டு அணியுங்கள். 25 அன்று மான் நடனமோ மாட்டாசினெஸ் என்ற நடனமோ இருக்கும். எது என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். ஒகே ஒவிங்கேயில் 26-ஆம் தேதி ஆமை நடனம். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று பல புவெப்லோக்களில் புதிய பொறுப்பாளர்களுக்காக ஆடுவார்கள்.

இவை வழிபாடு. கைத்தட்டக்கூடாது, நடனத்துக்குக் குறுக்கே நடக்கக்கூடாது, நடனத்தின் பொருள் என்ன என்று கேட்டுத் துளைக்கக்கூடாது. படம், ஒலிப்பதிவு, கோட்டோவியம் எல்லாவற்றுக்கும் தடை. நேரம் பார்க்கக் கைப்பேசியை எடுத்தாலே படமெடுப்பதாகக் கருதிப் பறித்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு, அதனால் வண்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஏணி நீட்டிய வட்டக் கட்டடம் கீவா, அதன் அருகே போகாதீர்கள். யாராவது சாப்பிட அழைத்தால் மறுப்பது அவமரியாதை. உட்கார்ந்து சாப்பிட்டு, நன்றி சொல்லி, உடனே எழுந்துவிடுங்கள். பின்னால் அடுத்த பந்தி நின்றுகொண்டிருக்கும். அழைக்காத வீட்டுக்குள் கதவு திறந்திருக்கிறதே என்று நுழையக்கூடாது.

வீட்டு வாசலில் வைத்த பைகளை 25 காலையிலேயே எடுத்துவிடுங்கள். அடுத்த பனி விழுந்தால் பை கூழாகி மணல் தரையோடு உறைந்துவிடும், பிறகு மண்வெட்டிதான். மெழுகுக் கட்டிகளைச் சலித்து எடுத்துவிட்டு மணலைப் பழைய மூட்டையிலேயே கட்டி உலர்ந்த இடத்தில் வைத்தால் அடுத்த டிசம்பருக்கு ஆகும்.