டெக்சஸில் கைத்துப்பாக்கி: .45 கேட்பதற்கு முன் விசாவைப் பாருங்கள்

புதிதாக டெக்சஸ் வந்து சேரும் நம் ஆட்கள் கார், வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பார்கள்: "அண்ணா, துப்பாக்கி வாங்கலாமா? எது நல்லது?" தீபாவளிக்கு வாங்கிய கேப் துப்பாக்கியைத் தவிர வேறு எதையும் தொட்டுப் பார்க்காதவர்கள் நாம். இங்கே தூண்டிலும் கூடாரமும் விற்கிற கடையிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். கை பரபரக்கத்தான் செய்யும். போதாததற்கு, "வாங்கினால் .45 வாங்கு, சின்னதெல்லாம் வேஸ்ட்" என்று ஆபீசில் யாராவது ஓதியிருப்பார்.

கேலிபருக்கு, அதாவது இந்த .45 மாதிரியான தோட்டா அளவுக்கு, அப்புறம் வருவோம். முதலில் பாஸ்போர்ட்டை எடுத்து என்ன விசா என்று பாருங்கள்.

எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4, விசிட்டர் விசா எதுவானாலும் சரி, தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. இது ஃபெடரல் சட்டம். டெக்சஸ் எவ்வளவு தாராளமான மாநிலமாக இருந்தாலும் இதை மாற்ற முடியாது. சொந்தமாக வாங்குவது மட்டும்தான் தப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ரேஞ்சில், அதாவது சுடப் பழகும் இடத்தில், வாடகைக்கு எடுத்துப் பத்து ரவுண்டு (தோட்டா) சுடுவதும் 'வைத்திருப்பது'தான். ஐக்கிய அரபு அமீரகத்தில் இருந்து ஃபுளோரிடாவுக்குப் படிக்க வந்த ஒரு மாணவரைக் கல்லூரி நீக்கியது. அதோடு விசா தகுதியும் போனது. பிறகு அவர் ஒரு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். அதற்காகப் போட்ட வழக்கில் 18 மாதச் சிறை விதித்தார்கள். அதுதான் ரெஹைஃப் வழக்கு. தகுதி போனது அவருக்குத் தெரியும் என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் "எனக்குத் தெரியாது" என்று உச்ச நீதிமன்றம் வரை போய்ச் சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்? இந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 2022-இல் 15 ஆண்டாக உயர்ந்தது. நாடு கடத்தவும் இது ஒரு காரணம் ஆகும்.

மாநிலம் தரும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் தற்காலிக விசாக்காரருக்கும் விலக்கு உண்டு. ஆமாம், உண்டு. அதை வைத்து வாங்கியவர்களும் இருக்கிறார்கள். என் யோசனை: கிரீன் கார்டுக்குப் பத்து வருடம் வரிசையில் நிற்கிற ஒருவர் இந்தச் சந்துக்குள் நுழைய வேண்டாம். அப்படியே ஆசைப்பட்டால் குடியேற்ற வக்கீலிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், கடைக்காரர் பேச்சை நம்பி அல்ல. ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை வந்துவிட்டது, இனி பரவாயில்லை என்று நினைப்பவர்களுக்கும் இதேதான். கிரீன் கார்டு கைக்கு வரட்டும்.

நான் எச்-1பியில் இருந்தபோது டீம் அவுட்டிங் என்று ரேஞ்சுக்குக் கூட்டிப் போனார்கள். வாசலில் கொடுத்த படிவத்தில் குடியுரிமை பற்றி ஒரு கேள்வி. பொய் எழுத மனம் வரவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் கோக் குடித்தேன். கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

சரி, கிரீன் கார்டு வந்துவிட்டது. இப்போது வாங்கலாம். லைசென்ஸ் பெற்ற கடையில் 4473 என்ற படிவம் தருவார்கள். கார்டில் உள்ள 'ஏ' எண் (குடியேற்றப் பதிவு எண்), இப்போதைய முகவரி உள்ள அடையாள அட்டை இரண்டும் வேண்டும். வீடு மாறிவிட்டு டிரைவிங் லைசென்ஸை மாற்றாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நமக்கே உரிய இன்னொரு தலைவலி பெயர். அப்பா பெயர் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், மூன்றாவதில் வெறும் இனிஷியல் என்று இருந்தால், எஃப்பிஐ நடத்தும் பின்னணிச் சோதனை 'டிலே' என்று நின்றுவிடலாம். எல்லா அட்டையிலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கிவிட்டுப் போங்கள். கடையில் கைத்துப்பாக்கி வாங்க வயது 21 ஆகியிருக்க வேண்டும். நீங்கள் வசிக்கும் மாநிலத்துக் கடை வழியாகத்தான் அது கைக்கு வரும்.

"உங்க பேர்ல ஒண்ணு வாங்கிக் கொடுங்க அண்ணா, காசு நான் தர்றேன்" என்று எச்-1பி தம்பி யாராவது கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். இருவருக்கும் அது குற்றம்.

நான் சொல்வது டெக்சஸ் கதை. கலிஃபோர்னியாவில் பாதுகாப்புத் தேர்வு எழுத வேண்டும், பத்து நாள் காத்திருக்க வேண்டும், மாநிலப் பட்டியலில் உள்ள மாடலைத்தான் கடையில் புதிதாக விற்பார்கள். நியூஜெர்சியில் முதலில் பெர்மிட் வாங்க வேண்டும், தோட்டா அடுக்கும் மேகசினில் பத்துக்கு மேல் கூடாது. எல்லை தாண்டிக் கனடா போனால் 2022 அக்டோபரில் இருந்து கைத்துப்பாக்கி விற்பனையே முடக்கம். டொராண்டோ உறவினர் வீட்டுக்குத் துப்பாக்கியோடு காரில் கிளம்பிவிட வேண்டாம்.

இனி கேலிபர். .45 என்றால் தோட்டாவின் விட்டம் 0.45 அங்குலம், ஏறத்தாழ 11.4 மி.மீ. ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட, '1911' என்றே பெயர் பெற்ற பிஸ்டல் இந்தத் தோட்டாவுக்கானது. அதனால்தான் இங்குள்ள பெரியவர்களுக்கு .45 மேல் ஒரு பக்தி. ஆனால் ராணுவமே 1985-இல் 9 மி.மீ பெரெட்டா பிஸ்டலுக்கு மாறியது. எஃப்பிஐ கதை இன்னும் சுவாரசியம். 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு அதிகாரிகளை இழந்த பிறகு 9 மி.மீ போதாது என்று 10 மி.மீக்குப் போனார்கள்; அதன் உதை (சுடும்போது கையைப் பின்னால் தள்ளும் வேகம்) அதிகம் என்று .40க்கு இறங்கினார்கள், 2015 வாக்கில் சுற்றி வந்து மறுபடி 9 மி.மீயிலேயே நின்றார்கள். தோட்டாக்களின் தரம் ஏறிவிட்டது, உதை குறைந்தால் குறி தப்புவது குறைகிறது என்பது அவர்கள் கண்டது. ஆகவே "சின்னது வேஸ்ட்" என்பவரிடம் சண்டை வேண்டாம், சிரித்துவிட்டு நகருங்கள்.

பெரிய கேலிபருக்கு நியாயமான தேவை காட்டில் உண்டு. டெக்சஸில் காட்டுப் பன்றி வேட்டைக்குப் போகிறவர்களுக்கும், மொன்டானா, அலாஸ்கா பக்கம் கரடி நடமாடும் இடங்களில் நடப்பவர்களுக்கும் 10 மி.மீ அல்லது .44 மேக்னம் அர்த்தமுள்ளது. மெல்லிய ஜிப்சம் சுவர் கொண்ட அபார்ட்மென்ட்டில் எதைச் சுட்டாலும் பக்கத்து வீட்டுக் குழந்தை அறைவரை போகும்.

இருந்தும் வலுவானதுதான் வேண்டும், பணமும் அதிகம் போகக் கூடாது என்றால், நான் முதலில் காட்டுவது .357 மேக்னம் ரிவால்வர். அதில் .38 ஸ்பெஷல் தோட்டாவையும் போடலாம். உதை குறைவு, பழகுவதற்கு இதம். .38 ரிவால்வரில் .357 போட முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இந்த வகையில் ருகர் ஜிபி100 என்ற மாடல் கனமானது, விலையும் சற்றுக் கூடுதல். ஆனால் இரும்பு அம்மி மாதிரி, பேரன் காலம்வரை உழைக்கும்.

.45தான் என்று பிடிவாதமா? பிலிப்பைன்ஸின் ராக் ஐலண்ட், துருக்கியின் டிசாஸ் ஆகியவற்றின் 1911 வகைகள் ஏறத்தாழ 400, 500 டாலருக்குள் கிடைக்கும். முதல் துப்பாக்கியாக 1911ஐ நான் சொல்லமாட்டேன்; லீவர், சேஃப்டி என்று கைக்குப் பழக்கம் அதிகம் தேவை. அதே .45-இல் க்ளாக் 21 எளியது, 13 தோட்டா பிடிக்கும். ஆனால் கைப்பிடி செங்கல் மாதிரி. என் கைக்கு அது சரிப்படவே இல்லை. மலிவு மட்டுமே குறி என்றால், போலீஸ் துறைகள் 9 மி.மீக்கு மாறியபோது கழித்துவிட்ட .40 க்ளாக் 22களைத் தேடுங்கள். வெளியே உறை உரசிய கீறல் இருக்கும், உள்ளே அதிகம் சுட்டிருக்கமாட்டார்கள். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். எதுவானாலும் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து ஐம்பது ரவுண்டு சுட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

துப்பாக்கி விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள்; பணம் தின்பது தோட்டா. .45 தோட்டா 9 மி.மீயைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை. மாதம் நூறு ரவுண்டு பழகினால் ஒரு வருடத்தில் இன்னொரு துப்பாக்கியின் விலை போய்விடும். காசு கட்டுப்படியாகாமல் பழக்கத்தை விட்டுவிட்டு அலமாரியில் பூட்டி வைத்தால், அது இருந்தும் இல்லாத மாதிரிதான். காதுக் கவசம், ஒரு நாள் பயிற்சி வகுப்பு, நல்ல சேஃப் எல்லாவற்றுக்கும் முதலிலேயே பணம் ஒதுக்குங்கள். கடையில் இலவசமாகத் தரும் கேபிள் பூட்டு, வீட்டில் குழந்தை இருந்தால் போதாது.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வந்த புதிதில் தனிமை, வேலை போகும் பயம், விசா கவலை எல்லாம் மொத்தமாக அழுத்தும் நாட்கள் இருக்கும். அப்படி ஒரு காலத்தில் நீங்களோ வீட்டில் வேறு யாரோ இருந்தால் வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், வாங்கிய கடையிலேயே கொஞ்ச நாள் வைத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

ஊரில் இருந்து அப்பா அம்மா விசிட்டர் விசாவில் வந்தால், "கொடுப்பா, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்று அப்பா கேட்பார். கொடுக்காதீர்கள். சேஃபின் எண்ணும் அவர்களுக்குத் தெரிய வேண்டாம். வெறும் கண்டிப்பு இல்லை இது. மேலே சொன்ன சட்டம் அவருக்கும் பொருந்தும்.

உள்நாட்டு விமானத்தில் துப்பாக்கியைக் கொண்டுபோக முறை உண்டு: தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு, கெட்டியான பெட்டியில் பூட்டி, கவுன்டரில் சொல்லி, செக்-இன் சாமானில் போட வேண்டும். சென்னை விமானத்துக்கு அந்தப் பேச்சே வேண்டாம். துப்பாக்கி போகாது என்று எல்லோருக்கும் தெரியும். மாட்டிக்கொள்வது பையின் மடிப்பில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவால். இந்திய விமான நிலைய ஸ்கேனரில் அது தெரிந்தால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. ரேஞ்சுக்கென்று ஒரு பையைத் தனியாக வைத்து, அதன் மேல் மார்க்கரால் 'ஊருக்கு அல்ல' என்று எழுதிவிடுங்கள். என் பையில் எழுதியிருக்கிறேன்.