முதுகுக்கும் வெக்கைக்கும் ஏற்ற மெத்தையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதுகுவலி என்றாலே கட்டாந்தரையில் படுக்க வேண்டும், மெத்தை எவ்வளவு கெட்டியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை வைத்து ஸ்பெயினில் நடத்தப்பட்டு, 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. 90 நாள் கழித்துப் பார்த்தபோது, மிகக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியுள்ள மெத்தையில் படுத்தவர்களுக்கே வலியும், அன்றாட வேலைகளில் இருந்த சிரமமும் கூடுதலாகக் குறைந்திருந்தன. கெட்டியான பரப்பில் தோளும் இடுப்பெலும்பும் அழுந்த இடமில்லாமல் போவதால் அவற்றுக்கு நடுவிலுள்ள பகுதி தாங்கலின்றி நிற்கிறது. அளவுக்கு மீறி மென்மையானால் உடலின் கனமான பகுதியான இடுப்பு கீழே இறங்கி, முதுகெலும்பு தூளியில் கிடப்பதுபோல் வளைந்துவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உங்கள் எடைக்கு ஏற்ற இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. உறையில் அச்சிட்டிருக்கும் ‘ஆர்த்தோ’ (எலும்புக்கு ஏற்றது) என்ற சொல்லை மட்டும் நம்பி அந்த வேலையைத் தள்ளிவிட முடியாது.

விற்பனையாளர் பக்கத்தில் நிற்கிறாரே என்ற கூச்சத்தில், ஓரத்தில் உட்கார்ந்து உள்ளங்கையால் இரண்டு முறை அமுக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுபவர்களே அதிகம். செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படிப் படுப்பீர்களோ அப்படியே பத்துப் பதினைந்து நிமிடம் படுத்துப் பாருங்கள். மல்லாந்து படுப்பவர் என்றால், உடன் வந்தவரை இடுப்புக்கும் மெத்தைக்கும் இடையே கையை நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை உங்களுக்குக் கெட்டி, நுழையவே முடியாவிட்டால் அது மிகவும் மென்மை, சற்று உரசிக்கொண்டு போனால் சரியான அளவு. ஒருக்களித்துப் படுப்பவர் பின்பக்கமிருந்து கைப்பேசியில் ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம். பிடரியிலிருந்து வால் எலும்பு வரை கோடு நேராக இருக்க வேண்டும். தலையணை மாறினால் இந்தக் கோடும் மாறும் என்பதால், வழக்கமாக வைத்துக்கொள்ளும் உயரத்திலேயே தலையணை கேட்டு வாங்கிச் சோதிப்பது நல்லது. கணவன் மனைவி எடையில் பெரிய வேறுபாடு இருந்தால் இருவரும் சேர்ந்தே படுத்துப் பார்க்க வேண்டும். கனமானவர் பக்கம் மற்றவர் உருண்டு வந்தால், ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பையில் இருக்கும் பாக்கெட் ஸ்பிரிங் வகையையோ, இரண்டு ஒற்றை மெத்தைகளை ஒட்டிப் போடுவதையோ யோசிக்கலாம்.

குளிர்நாடுகளில் எழுதப்படும் பரிந்துரைகள் அதிகம் பேசாத ஒன்று, அறையின் வெக்கை. மெமரி ஃபோம் 1966-இல் நாசாவுக்காக, விமான இருக்கைகளுக்கென்று உருவாக்கப்பட்ட பொருள். உடல் சூட்டில் இளகி உடலின் வடிவத்தை ஏற்பதுதான் அதன் சிறப்பு. ஏசி இல்லாத சென்னை அறையில் மே மாதத்தில் அந்தச் சிறப்பே தொல்லையாகிவிடும்: எதிர்பார்த்ததைவிட இளகி, உடலைச் சுற்றி அணைத்துக்கொண்டு வியர்க்க வைக்கும். இரவு முழுவதும் ஏசி ஓடும் அறைக்கு அதைத் தயங்காமல் வாங்கலாம். மின்விசிறி மட்டுமே உள்ள அறைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அத்தகைய அறைக்குத் தென்னைநார் மெத்தை பொருந்தும். முறுக்கிச் சுருள வைத்த நாரின் மேல் ரப்பர் பாலைத் தெளித்து, அழுத்தி, சூடாக்கிச் செய்யப்படுவதால் நார்களுக்கிடையே காற்று போய்வர இடமிருக்கிறது. ஆனால் அது கெட்டியானது. தனியாக இல்லாமல் மேலே ஓர் அடுக்கு ஃபோம் வைத்த வகையை வாங்குவது தோளுக்கும் இடுப்புக்கும் இதம். ரப்பர் பாலிலிருந்து செய்யப்படும் இயற்கை லேடெக்ஸ் மெத்தை துளைகளோடு வருவதால் காற்றோட்டமும் உண்டு, அமுங்கினாலும் உடனே எழும்பித் தாங்கும் குணமும் உண்டு. விலையும் கனமும்தான் அதன் குறைகள். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம்பஞ்சுக்கு இன்றும் மதிப்பு குறையவில்லை. இழைகள் உள்ளீடற்றவை என்பதால் எடை குறைவு. கழிவுப் பஞ்சு கலந்துவிடாமல் இருக்க, கண்ணெதிரே எடை போட்டு அடைத்துத் தருபவரிடம் வாங்குங்கள். விதை நிறைய அகப்பட்டால் வேண்டாமென்று சொல்லிவிடலாம். அடிக்கடி வெயிலில் போடவும், பஞ்சு கட்டி தட்டினால் பிரித்து அடிக்கவும் மொட்டை மாடியும் ஆள்பலமும் இல்லாத அடுக்குமாடி வீட்டுக்கு அது சுமைதான்.

சாதாரண பி.யு. (பாலியூரித்தேன்) ஃபோம் வாங்குவோர் ‘டென்சிட்டி’ என்ற எண்ணைக் கேட்க வேண்டும். அது கெட்டித்தன்மையின் அளவன்று. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்பதே அது. எண் கூடக்கூட, பொதுவாக, பள்ளம் விழ நாளாகும். சொல்லப்படும் எண் உண்மைதானா என்பதைத் தராசே காட்டிக்கொடுக்கும்: ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஐந்து அங்குலக் கனமுள்ள ஃபோம் 32 டென்சிட்டி என்றால் உறை நீங்கலாக ஏறத்தாழ 6.8 கிலோவும், 40 என்றால் 8.5 கிலோவும் இருக்க வேண்டும்.

கட்டிலின் அளவை வெளிச்சட்டத்தில் எடுக்காமல், மெத்தை உட்காரும் உள்பகுதியில் நீளம், அகலம் இரண்டையும் அங்குலத்தில் எடுங்கள். 72, 75, 78 அங்குலம் என மூன்று நீளங்கள் புழக்கத்தில் இருப்பதால் ‘டபுள் காட்’ என்று மட்டும் சொல்லி வாங்கினால் இடைவெளி விழும். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு, ஓரத்தில் உட்காரும்போது பாதம் தரையில் முழுதாகப் பதியும்படி கட்டிலும் மெத்தையும் சேர்ந்த உயரம் அமைய வேண்டும். கைக்குழந்தைக்கோ மெத்தென்ற எதுவும் கூடாது. அமுங்காத, சமமான பரப்பே பாதுகாப்பு. தரையில் மெத்தை போடுபவர்கள் காலையில் அதைத் தூக்கிச் சாய்த்து வைக்காவிட்டால் அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பாலித்தீன் உறையைக் கழற்றிவிடுங்கள். அழுக்காகாமல் இருக்கட்டும் என்று அதன் மேலேயே போர்வை விரித்துப் படுக்கும் வழக்கம், காற்றோட்டத்துக்காகக் கூடுதலாகக் கொடுத்த பணத்தை வீணாக்குகிறது. வியர்வை போக வழியில்லாமல் முதுகில் ஒட்டும். கறைக்குத் துணியுறை போதும். கறை படிந்த மெத்தைக்கு உத்தரவாதம் கிடையாது என்ற நிபந்தனை பலவற்றில் இருக்கும். பள்ளத்துக்கும் இத்தனை அங்குலம் என்று ஒரு வரம்பு எழுதியிருக்கும். அதை வாங்கும்போதே படித்து, ரசீதோடு எடுத்து வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடு மாற்றிப் போட்டு, நேரான கம்பு ஒன்றை மெத்தையின் குறுக்கே வைத்து, கம்புக்கும் பள்ளத்தின் அடிக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். வரம்பைத் தாண்டியிருந்தால், அளவுகோல் தெரியும்படி படமெடுத்து உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே கடைக்கு அனுப்பிவிடலாம்.