1 மீட்டர் காற்றாலை இறக்கையை நாமே வடிவமைக்கலாம்

மூன்று இறக்கைகள், ஒவ்வொன்றும் 1 மீட்டர் நீளம், காற்று நொடிக்கு 8 மீட்டர். இதை வைத்தே கணக்குப் போடுவோம். (மொட்டைமாடியில் நிறுத்தும் எண்ணம் வேண்டாம். கட்டடத்தில் மோதிச் சுழலும் காற்றில் நல்ல இறக்கையும் திணறும்.)

படி 1: கிடைக்கும் ஆற்றல்
இறக்கைகள் சுழலும் வட்டத்தின் வழியே போகும் காற்றில் சுமார் 985 வாட் இருக்கிறது. பெட்ஸ் வரம்புப்படி அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் யாராலும் எடுக்க முடியாது. நமக்கு 35 சதவீதம் கிடைத்தாலே நல்ல இறக்கைதான்.

படி 2: நுனி வேக விகிதம்
6 என்று வைப்போம். அதாவது நுனி, காற்றைவிட 6 மடங்கு வேகமாக, நொடிக்கு 48 மீட்டர் ஓடும். இதைக் கூட்டினால் இறக்கை ஒல்லியாகும், இரைச்சலும் ஏறும்.

படி 3: ஏர்ஃபாயில்
ஏர்ஃபாயில் என்றால் இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம். நாகா 4412 என்ற வடிவம் போதும். அடிப்பக்கம் கிட்டத்தட்ட தட்டை என்பதால் மரத்தில் செதுக்க எளிது. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான 'கியூபிளேடு' மென்பொருளில் இதன் தூக்கு விசை (இறக்கையைச் சுழற்றுவது), இழுவை (அதைத் தடுப்பது) வரைபட வளைவுகளை எடுங்கள்.

புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். இறக்கையை ஒட்டிக் காற்று எப்படி ஓடும் என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் என்பது, இறக்கையின் ஓர் இடத்தில் மோதும் காற்றின் நிகர வேகத்தை அங்குள்ள அகலத்தால் பெருக்கி 0.000015-ஆல் (காற்றின் இயக்கப் பாகுநிலை) வகுப்பது. நம் இறக்கையில் அது 1.3 முதல் 1.6 லட்சம்தான் வரும். விமானங்களுக்காக எடுத்த பழைய வரைபடங்களோ 30 லட்சத்தில் தொடங்குகின்றன. குறைந்த எண்ணில் காற்று பரப்பைவிட்டுச் சீக்கிரம் பிரியும், இழுவை கூடும். அதனால் 1.5 லட்சத்துக்கே வளைவை எடுங்கள். தாக்கு கோணம் (காற்று வரும் திசைக்கும் இறக்கையின் அகலக் கோட்டுக்கும் இடையிலான கோணம்) 5 பாகை, அப்போது தூக்குக் குணகம் (தூக்கு விசையின் அளவைச் சொல்லும் எண்) ஏறத்தாழ 1.

படி 4: அகலமும் முறுக்கும்
மையத்திலிருந்து உள்ள தூரத்தை மொத்த நீளத்தால் வகுத்து 6-ஆல் பெருக்குங்கள். அதன் தலைகீழ் எண்ணுக்கு டேன் நேர்மாறு கண்டு, மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் காற்று வரும் கோணம். அதில் தாக்கு கோணமான 5 பாகையைக் கழித்தால் முறுக்கு, அதாவது சுழலும் தளத்திலிருந்து அந்த இடத்தில் இறக்கை சாய வேண்டிய அளவு. அகலத்துக்கு, 1-இலிருந்து அக்கோணத்தின் கொசைனைக் கழித்து, 8 × பை × தூரம் ÷ 3 என்பதால் பெருக்குங்கள் (3 என்பது இறக்கைகளின் எண்ணிக்கை; தூக்குக் குணகம் 1 என்பதால் அதை எழுதவில்லை).

20 செ.மீ. தூரத்தில்: அகலம் 17.7 செ.மீ., முறுக்கு 21.5 பாகை
50 செ.மீ.: 9.6 செ.மீ., 7.3 பாகை
நுனி: 5.1 செ.மீ., 1.3 பாகை

படி 5: சோதனை
கியூபிளேடில் அந்த வளைவுகளை 360 பாகைக்கு, அதாவது எல்லாத் தாக்கு கோணங்களுக்கும் நீட்டி, இந்த அளவுகளைக் கொடுத்து ஓட்டுங்கள். நுனி இழப்புத் திருத்தத்தை (நுனியைச் சுற்றிக் காற்று நழுவுவதால் குறையும் திறனைக் கணக்கில் எடுப்பது) அணைக்காதீர்கள். திறன் உச்சம் நுனி வேக விகிதம் 6-க்கு அருகே வரவேண்டும். மையத்தை ஒட்டிய அடிப்பகுதிக்கு ஏற்ற அகலப் பலகை கிடைக்காவிட்டால் அங்கே அகலத்தைத் தாராளமாகக் குறுக்குங்கள். அந்த முதல் 20 செ.மீ. மூடுவது வட்டத்தில் வெறும் 4 சதவீதம்.