நானோ துகள்மீது படியும் ரத்தப் புரதங்களை ஆய்வகத்தில் சோதிப்பது எப்படி

மருந்தைச் சுமக்கும் நானோ துகள் ஒன்றை உருவாக்கி, புற்றுச்செல்லை அடையாளம் காணும் மூலக்கூறுகளை அதன் பரப்பில் பதித்து, பஃபர் கரைசலில் (அமில-கார நிலை மாறாமல் வைக்கும் கரைசல்) அதன் அளவையும் மின்னேற்றத்தையும் அளந்ததும் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் ரத்தப் பிளாஸ்மாவை (ரத்த அணுக்களை நீக்கிய திரவப் பகுதி) தொட்ட ஒரு நிமிடத்துக்குள்ளாகவே பல வகைப் புரதங்கள் துகளின்மேல் படிந்துவிடுகின்றன. அதன்பின் உடலின் செல்கள் சந்திப்பது நாம் வடிவமைத்த பரப்பை அல்ல, புரோட்டீன் கொரோனா எனப்படும் அந்தப் புரத உறையைத்தான். எனவே செல் சோதனைக்கும் விலங்குச் சோதனைக்கும் போகும் முன்பே இந்த உறையை அறிந்துகொள்வது நல்லது.

உறை எப்போதும் கெடுதல் செய்வதில்லை. இம்யூனோகுளோபுலின்கள் எனும் எதிர்ப்புரதங்களும், நோயெதிர்ப்புக்கு உதவும் காம்ப்ளிமென்ட் புரதங்களில் ஒன்றான சி3-உம் படிந்தால், கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்குசெல்கள் துகளை விரைவில் பிடித்து அகற்றிவிடும். மருந்து கட்டியைச் சென்று சேராது. இரும்பைச் சுமக்கும் புரதமான டிரான்ஸ்ஃபெரின் பதித்த துகள்களைப் பிளாஸ்மாப் புரதங்கள் மூடியபோது அவை தம் ஏற்பியை அடையாளம் காணும் திறனை இழந்ததை 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மறுபுறம், 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாட்டிசிரான் என்ற ஆர்என்ஏ மருந்து இந்த உறையையே நம்பி இயங்குகிறது: அதன் கொழுப்பு நானோ துகளில் கொழுப்பைச் சுமக்க உதவும் புரதமான அபோலிப்போபுரோட்டீன் ஈ ரத்தத்தில் வந்து ஒட்டிக்கொள்ள, கல்லீரல் செல்களின் எல்டிஎல் ஏற்பி துகளை உள்ளே எடுத்துக்கொள்கிறது. ஆகவே எவ்வளவு புரதம் படிந்தது என்பதைவிட எந்தப் புரதம் படிந்தது என்பதே முக்கியமான கேள்வி.

முதலில் பிளாஸ்மாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; என் கணிப்பில் பாதி முடிவு இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவமான சீரத்தில், உறைதலுக்கு உதவும் புரதமான ஃபைப்ரினோஜன் இல்லாததால், அது பிளாஸ்மாவுக்கு மாற்றாகாது. ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் கவனிக்கத்தக்கது: இடிடிஏவும் சிட்ரேட்டும் கால்சியத்தைக் கட்டிப்போடுவதால் காம்ப்ளிமென்ட் செயல்பாடு முடங்கும், ஹெப்பரினோ தானே பல புரதங்களுடன் பிணையக்கூடியது. செல் வளர்ப்பு ஊடகத்தில் வழக்கமாகச் சேர்க்கும் 10 சதவீத மாட்டுச் சீரத்தில் உருவாகும் உறை, நீர்க்காத மனிதப் பிளாஸ்மாவில் உருவாகும் உறையைப் போல இராது. இயன்றவரை பலரிடமிருந்து பெற்றுக் கலந்த மனிதப் பிளாஸ்மாவை, உரிய நெறிமுறை அனுமதியுடன், நீர்க்காமல் பயன்படுத்துங்கள்.

துகள்களைப் பிளாஸ்மாவுடன் கலந்து 37 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் மெதுவாக அசைத்து வைத்திருங்கள். துகளின் மொத்தப் பரப்புக்கும் புரதத்தின் அளவுக்குமான விகிதத்தை எல்லாச் சோதனைகளிலும் மாற்றாமல் வைத்தால்தான் ஒன்றோடொன்றை ஒப்பிட முடியும். ரத்தத்தில் மிகுதியாக உள்ள புரதங்கள் முதலில் படிந்து, பின்னர் இறுக்கமாகப் பிணையும் புரதங்களுக்கு இடம் விடக்கூடும் என்பதால், சில நிமிடங்களிலும் சில மணி நேரத்துக்குப் பிறகும் மாதிரி எடுப்பது பயன் தரும்.

அடுத்தது பிரித்தெடுத்தல். தங்கம், சிலிக்கா போன்ற அடர்த்தியான துகள்களை மையவிலக்கில் சுழற்றி வண்டலாக்கி, குளிர்ந்த பாஸ்பேட் பஃபரில் மூன்று முறை கழுவலாம். ஒவ்வொரு முறையும் புதிய குழாய்க்கு மாற்றுங்கள். குழாயின் சுவரில் ஒட்டிய புரதம் துகளின் புரதமாகக் கணக்கில் வந்துவிடும். தளர்வாகப் பிணைந்த வெளியடுக்கு கழுவும்போதே பெரும்பாலும் போய்விடுவதால், கையில் மிஞ்சுவது இறுக்கமான உள்ளடுக்கு மட்டுமே என்பதை மறக்கலாகாது. கொழுப்புத் துகள்களுக்கு இந்த வழி பொருந்தாது. அவற்றின் அடர்த்தி ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் லிப்போபுரோட்டீன் துகள்களின் அடர்த்திக்கு நெருங்கியிருப்பதால், அளவைக் கொண்டு பிரிக்கும் குரோமடோகிராபி போன்ற முறைகளை நாட வேண்டியிருக்கும். அவற்றிலும் பிளாஸ்மாவில் இயல்பாகவே மிதக்கும் நுண்துகள்கள் கூடவே வந்துவிடக்கூடும். எனவே துகள் சேர்க்காத பிளாஸ்மாவையும் அதே படிகளில் நடத்தி, அதில் கிடைப்பதை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒப்பீடு இல்லாத புரதப் பட்டியலை நான் நம்புவதில்லை.

ஒளிச்சிதறல் முறையில் அளக்கும்போது துகளின் விட்டம் சற்றே கூடியிருந்தால் அது உறை. பல மடங்கு பெருத்திருந்தால் துகள்கள் திரண்டுவிட்டன என்று ஐயுற வேண்டும். புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தபின், மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் அடையாளம் காணலாம். பட்டியலில் ஆல்புமின் மேலே நிற்பதால் மட்டும் எதுவும் நிறுவப்படாது. லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் வரை ரத்தத்தில் இருக்கும் புரதம் அது. பிளாஸ்மாவில் உள்ள பங்கோடு ஒப்பிடும்போது எந்தப் புரதம் உறையில் செறிந்திருக்கிறது என்று பாருங்கள்.

பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) எனும் பாலிமர் பூசிய துகளுக்கு இதெல்லாம் தேவையில்லை என்று எண்ண வேண்டாம். பெக் புரதப் படிவைக் குறைக்கிறது, ஒழிப்பதில்லை. விழுங்குசெல்களிடமிருந்து அத்தகைய துகள்கள் தப்புவதற்குக் கிளஸ்டரின் போன்ற சில புரதங்கள் படிவதே தேவைப்படுகிறது என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது.

செல் சோதனையில் உறையற்ற துகள், உறையுள்ள துகள் இரண்டையும் அருகருகே வையுங்கள். சீரமில்லா ஊடகத்தில் வெற்றுத் துகள் செல்சவ்வில் தாறுமாறாக ஒட்டிக்கொள்வதால், அங்கே காணும் மிகுந்த உள்ளெடுப்பை வெற்றியென்று கொள்ளக்கூடாது. இலக்கு ஏற்பி உள்ள செல்லையும் இல்லாத செல்லையும் ஒப்பிட்டு, பிளாஸ்மாவின் முன்னிலையிலும் அந்த வேறுபாடு நிலைத்தால் மட்டுமே அடுத்த கட்டத்துக்குச் செல்லுங்கள். எலியில் செலுத்துவதாக இருந்தால் எலிப் பிளாஸ்மாவிலும் இதே சோதனையைத் தனியே செய்துகொள்ள வேண்டும். மனிதப் பிளாஸ்மாவில் உருவான உறையும் எலியின் உறையும் ஒன்றல்ல.