விஎம்முக்கு குடுத்த கிராபிக்ஸ் கார்டு ரெண்டாவது தடவை எழும்பலையா? ஹோஸ்ட்டை ரீபூட் பண்ணுறதுக்கு முன்னாடி இதைப் பாத்துக்கிடுங்க

தக்கலையில என் சித்தப்பா மவன் போட்டோ ஸ்டூடியோ வச்சிருக்கான், கல்யாண வீட்டு வீடியோ எடிட்டிங்தான் முக்கியமான வேலை. ஒரே ஒரு லினக்ஸ் பெட்டி, அதுல கேவிஎம்ங்கிற லினக்ஸ் வசதியை வச்சு ரெண்டு விஎம் (ஒரே பெட்டிக்குள்ள தனித்தனி கம்ப்யூட்டர் மாதிரி ஓடுறது) ஓடுது, ஒண்ணு எல்லாரும் ஃபூட்டேஜ் கொண்டு போடுற ஃபைல் சர்வர், இன்னொண்ணு எடிட்டிங்குக்கு விண்டோஸ், அந்த விண்டோஸுக்கு கிராபிக்ஸ் கார்டை பாஸ்த்ரூ பண்ணி, அதாவது ஹோஸ்ட் (விஎம்மைத் தாங்குற அந்த லினக்ஸ் பெட்டி) இடையில வராம நேரடியா, குடுத்திருக்கான். ஐப்பசி மழையில ஒருநாள் காலையிலயே போன். "அண்ணே, விண்டோஸை ஆஃப் பண்ணிட்டு திரும்ப போட்டேன், மானிட்டர் கருப்பாவே நிக்கு, பெட்டியை ரீஸ்டார்ட் பண்ணிரட்டா?" பண்ணிராத மக்கா, ஃபைல் சர்வர்ல ரெண்டு பேரு காப்பி போட்டுட்டு இருக்கானுவ, கொஞ்சம் பொறுன்னு சொல்லிட்டு நாகர்கோவில்ல இருந்தே எஸ்எஸ்ஹெச்ல (தூரத்துல இருந்தே கமாண்ட் அடிக்கிற வழி) உள்ள போனேன், அந்த மழையில பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி தாண்டி நேர்ல போயி சேருறதுக்குள்ள மத்தியானம் ஆயிரும்.

அன்னைக்கு பாத்ததையும் அதுக்கப்புறம் படிச்சு தெரிஞ்சதையும் எழுதுறேன். ஹோஸ்ட்டை ரீபூட் பண்ணா சரியாயிரும்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா அதே பெட்டியில இன்னொருத்தர் வேலை ஓடிட்டு இருக்கும்போது அது வைத்தியம் இல்ல.

முதல்ல ஏன் இப்படி ஆகுதுன்னு பாப்போம். கிராபிக்ஸ் கார்டுக்கு சொந்தமா மெமரி இருக்கு, உள்ள சின்ன சின்ன புராசசர் இருக்கு, அதுல ஃபர்ம்வேர்னு கார்டுக்குன்னே உள்ள சாஃப்ட்வேர் ஓடுது. விஎம் ஆஃப் ஆகுறதுன்னா ஹோஸ்ட்டைப் பொறுத்தவரை விஎம்மை ஓட்டுற கியூஎமுங்கிற புரோகிராமோட புராசஸ் ஒண்ணு முடியுது, அவ்வளவுதான், ஸ்லாட்ல கரண்ட் வந்துட்டேதான் இருக்கும், கார்டும் பழைய விண்டோஸ் விட்டுட்டுப் போன நிலைமையிலயே நிக்கும். அடுத்த தடவை எழும்புற டிரைவர் இப்பதான் கரண்ட் போட்ட புது கார்டுன்னு நெனச்சு பேச ஆரம்பிக்கும், கார்டு பதில் சொல்லாது. இந்த இடைவெளியை அடைக்குறதுதான் ரீசெட்.

ரீசெட்டுல பல வகை உண்டு. எஃப்எல்ஆர்னா ஃபங்ஷன் லெவல் ரீசெட், கார்டுல அந்த ஒரு ஃபங்ஷன் (கார்டுக்குள்ள தனி டிவைஸா நிக்குற ஒரு பாகம்) மட்டும் துடைச்சு புதுசா ஆகும், பக்கத்துல எதையும் தொடாது, இருக்குறதுலயே நல்லது இதாக்கும். பிஎம் ரீசெட்னா கார்டை டி3ங்கிற தூக்க நிலைக்கு அனுப்பி டி0க்கு திரும்ப எழுப்புறது. பஸ்ங்கிறது கார்டு போர்டோட பேசுற பாதை, பிரிட்ஜ்ங்கிறது அந்த பாதையை மத்ததோட இணைக்குற சிப்; பஸ் ரீசெட்னா மேல இருக்குற பிரிட்ஜ் வழியா அந்த பஸ்ல இருக்குற மொத்தத்தையும் ரீசெட் அடிக்கிறது. ஒரு ரூம் சுவிட்சை ஆஃப் பண்ணுறதுக்கும் வீட்டு மெயினையே இறக்குறதுக்கும் உள்ள வித்தியாசம்தான் எஃப்எல்ஆருக்கும் பஸ் ரீசெட்டுக்கும். இதுபோக சில கார்டுக்குன்னே கெர்னல்ல (லினக்ஸோட மையப் பகுதி) தனியா எழுதி வச்ச ரீசெட்டும் இருக்கு.

உங்க கார்டுக்கு எது தெரியும்னு பாக்குறது லேசு. எல்எஸ்பிசிஐங்கிற கமாண்டை அடிச்சா கார்டோட அட்ரஸ் வரும், 01:00.0 மாதிரி. சிஸ், பஸ், பிசிஐ, டிவைசஸ்னு உள்ள போயி அந்த அட்ரஸ்ல முடியுற பேருள்ள ஃபோல்டரைத் திறந்தா ரீசெட்னு ஒரு ஃபைல் இருக்கணும், அந்த ஃபைலே இல்லைன்னா கெர்னலுக்கு அந்த டிவைஸை தனியா ரீசெட் பண்ண வழியே தெரியலைன்னு அர்த்தம். கெர்னல் 5.15ல இருந்து ரீசெட் மெத்தட்னு இன்னொரு ஃபைலும் உண்டு, அதைப் படிச்சா எந்தெந்த வகை, எந்த வரிசையில முயற்சி பண்ணும்னு காட்டும், நமக்கு வேண்டியதை மட்டும் அதுல எழுதி வரிசையை மாத்தவும் செய்யலாம். எல்எஸ்பிசிஐயை ரூட்டா (அட்மின் அதிகாரத்தோட) ரெண்டு வி போட்டு ஓட்டுனா இன்னும் விவரம் கிடைக்கும்: எஃப்எல்ரீசெட்டுக்குப் பக்கத்துல பிளஸ் இருந்தா எஃப்எல்ஆர் உண்டு, நோசாஃப்ட்ஆர்எஸ்டிக்குப் பக்கத்துல பிளஸ் இருந்தா தூங்கி எழும்புனாலும் கார்டு பழைய நிலைமையிலயே இருக்கும், அப்ப பிஎம் ரீசெட்டை நம்ப முடியாது.

தம்பி பெட்டியில பிரச்சனை எங்கன்னு இப்ப சொல்லுகேன், நெறைய பேரு விழுற குழி இதுதான். கிராபிக்ஸ் கார்டு ஒரே கார்டுதான், ஆனா பிசிஐ கணக்குல குறைஞ்சது ரெண்டு ஃபங்ஷன், 01:00.0 வீடியோ, 01:00.1 ஹெச்டிஎம்ஐ வழியா போற ஆடியோ. அவன் வீடியோவை மட்டும் விஎம்முக்கு குடுத்துட்டு ஆடியோவை ஹோஸ்ட்டோட சவுண்ட் டிரைவர்கிட்டயே விட்டுட்டான். அவன் கார்டுல எஃப்எல்ஆர் கிடையாது, மிஞ்சுறது பஸ் ரீசெட் மட்டும்தான், ஆனா அதே பஸ்ல இன்னொரு ஃபங்ஷன் ஹோஸ்ட் கையில இருக்கும்போது கெர்னல் பஸ் ரீசெட் அடிக்க விடாது, அது விடாததும் சரிதான். அந்த பஸ்ல இருக்குற எல்லாமே விஎஃப்ஐஓ (கார்டை விஎம்முக்கு குடுக்குற லினக்ஸ் டிரைவர்) கையில வந்து, ஒரே விஎம்முக்குப் போனாத்தான் கியூஎமுவால மொத்தமா சேத்து ஹாட் ரீசெட், அதாவது அந்த பஸ் ரீசெட்டை, கேக்க முடியும். அதனால கார்டுல எத்தனை ஃபங்ஷன் இருக்கோ அத்தனையும் ஒரே விஎம்முக்கு குடுங்க, யூஎஸ்பி சி இருக்குற கார்டுன்னா 01:00.2, 01:00.3ன்னு கூட வரும், அதையும் விட்டுராதீங்க.

சரி, இப்ப கார்டு மாட்டிக்கிட்டு நிக்கு, என்ன செய்ய? முதல்ல விஎம் நெசமாவே ஆஃப் ஆயிட்டான்னு பாருங்க, கியூஎமு புராசஸ் இன்னும் தொங்கிட்டு இருந்தா கார்டை அது விட்டிருக்காது, அந்த நேரத்துல எதையும் தொடாதீங்க. புராசஸ் போயிட்டுன்னா அந்த ரீசெட் ஃபைல்ல 1ன்னு எழுதுங்க, உடனே டிமெசேஜ்ல (கெர்னலோட லாக்) என்ன வருதுன்னு வாசிங்க. எஃப்எல்ஆருக்கு அப்புறம் இன்னும் ரெடி ஆகலை, காத்திருக்கேன்னு மில்லிசெகண்ட் கணக்கு ஏறிட்டே போச்சுன்னா கார்டு பதில் சொல்லலை. டி3ல இருந்து டி0க்கு வர முடியலைன்னு வந்தா விஎஃப்ஐஓ-பிசிஐ மாட்யூலுக்கு டிசேபிள் ஐடில் டி3ங்கிற ஆப்ஷனை 1ன்னு குடுத்து வைங்க, சும்மா கிடக்கும்போது கார்டை தூங்க வைக்காது. விஎம் போடும்போது பிசிஐ ஹெட்டர் டைப் 127ன்னு கியூஎமு எரர் காட்டுச்சுன்னா கார்டு பஸ்ல இருந்தே காணாம போயிட்டுன்னு எடுத்துக்கிடுங்க, எதைப் படிச்சாலும் எல்லா பிட்டும் 1ஆத்தான் வருது, அதான் அந்த நம்பர்.

127 வந்துட்டுன்னா ரீசெட் ஃபைல்ல எத்தனை தடவை 1 எழுதுனாலும் பிரயோசனம் கம்மி. அப்ப ஒவ்வொரு ஃபங்ஷன் ஃபோல்டர்லயும் இருக்குற ரிமூவ் ஃபைல்ல 1 எழுதி கார்டை மொத்தமா கழட்டி விட்டுட்டு, பிசிஐ ஃபோல்டர்ல இருக்குற ரீஸ்கேன்ல 1 எழுதி திரும்ப தேடச் சொல்லுங்க. அதுக்கும் வரலைன்னா ஹோஸ்ட்டை ஆர்டிசிவேக் (சொன்ன நேரத்துல தானா எழுப்புற கமாண்ட்) வச்சு பத்து செகண்ட் மெமரி சஸ்பெண்டுக்கு அனுப்பி எழுப்புங்க, ஸ்லாட்டுக்கு கரண்ட் நின்னு வர்றதால நெறைய கார்டு இதுல தெளிஞ்சிரும். ஆனா அந்த நேரம் மத்த விஎம் எல்லாம் உறைஞ்சு நிக்கும், நெட்வொர்க் காப்பி அறுந்து போகலாம், அதனால எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, ஓடுற காப்பி முடிஞ்ச பிறகு செய்யுங்க. நாங்க அன்னைக்கு அப்படித்தான் காத்திருந்து செஞ்சோம், கார்டு வந்துட்டு, அதுக்கப்புறம் ஆடியோ ஃபங்ஷனையும் சேத்து விண்டோஸுக்கு குடுத்தாச்சு. சஸ்பெண்டுக்கும் மசியலைன்னா மட்டும் முழுசா ஆஃப் பண்ணுங்க, அப்பவும் வெறும் ரீபூட் பத்தாது, பவர் சப்ளை பின்னாடி உள்ள சுவிட்சை ஆஃப் பண்ணி அரை நிமிஷம் விட்டு போடுங்க.

ஏஎம்டியோட போலாரிஸ், வேகா, நவி 10 வரிசை கார்டு வச்சிருக்கவங்களுக்கு வெண்டார் ரீசெட்னு ஒரு கெர்னல் மாட்யூல் உண்டு, அந்தந்த சிப்புக்கு ஏத்த ரீசெட்டை அது செய்யும். 5.15லயும் அதுக்கு மேல உள்ள கெர்னல்லயும் மாட்யூலை ஏத்துனா மட்டும் போதாது, ரீசெட் மெத்தட் ஃபைல்ல டிவைஸ் ஸ்பெசிஃபிக்னு நாமளே எழுதணும், இதை விட்டுட்டு மாட்யூல் வேலை செய்யலைன்னு சொல்லுறவங்க ஏராளம்.

திரும்ப வராம இருக்க நாங்க செஞ்சது ரெண்டு. ஹோஸ்ட் பூட் ஆகும்போதே கார்டை விஎஃப்ஐஓ-பிசிஐ பிடிச்சிரும், ஹோஸ்ட்டோட கிராபிக்ஸ் டிரைவர் அதை தொடவே தொடாது, ஹோஸ்ட் ஸ்கிரீனுக்கு புராசசர்லயே உள்ள கிராபிக்ஸ் போதும். விண்டோஸை எப்பவும் உள்ள இருந்து ஷட்டவுன் பண்ணணும், ஃபோர்ஸ் ஸ்டாப் அடிக்கக் கூடாது, நம்ம பக்கம் ஆனி ஆடியிலயும் மழை, ஐப்பசி கார்த்திகையிலயும் மழை, கரண்ட் எப்ப போகும்னு சொல்ல முடியாது, அதனால யூபிஎஸ் பேட்டரி இறங்குனா விஎம் தானா முறையா ஷட்டவுன் ஆகுற மாதிரி செட் பண்ணியிருக்கு.

புதுசாவோ பழசாவோ கார்டு வாங்கப் போறவங்க கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு லைவ் லினக்ஸ் (இன்ஸ்டால் பண்ணாமலே ஓடுறது) பென்டிரைவ் ஒண்ணு கொண்டு போங்க. போர்டுல மாட்டி எழுப்பி, எல்எஸ்பிசிஐயில எஃப்எல்ரீசெட் பிளஸா மைனஸான்னு பாக்க ரெண்டு நிமிஷம் ஆகாது, மைனஸ்னா ரீசெட் மெத்தட் ஃபைல்ல என்ன எழுதியிருக்குன்னும் பாத்துட்டு அப்புறமா காசை எடுங்க.